மதுமதியின் மூன்று வீடுகள்

பெரியபட்டினத்தில் காலிதாவை எதிரே கண்டதும் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுகிற ஆட்கள் உண்டு. அவள் மேல் யாருக்கும் பகை கிடையாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு நாள் வாங்களேன், வியாழக்கெழம மட்டும்" என்று கேட்டுவிட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அதற்குப் பயந்துதான் அந்தச் சந்து.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. கணவர் ஹமீது இருபத்திரண்டு வருஷமாகச் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். ஒரே மகளைக் கீழக்கரையில் கட்டிக் கொடுத்தாயிற்று. மாமியார் மௌத்தான பிறகு நாலு அறை வீட்டில் அவள் ஒருத்தி. தினமும் மதியம் லுஹர் தொழுகை முடிவதற்குள் முப்பத்தோரு பேர் வயிற்றுக்குச் சோறு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு விடிந்ததிலிருந்து ஓடுகிற நினைப்பு.

அது கொரோனா ஊரடங்கில் தொடங்கிய காரியம். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் மாட்டிக்கொள்ள, தனியாகக் கிடந்த வயசாளிகளுக்கு ஒருவேளைச் சோறாவது போகட்டும் என்று ஊரார் கூடிக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டைத் திறந்துவிட்டார்கள். அரிசி பருப்பு கொடுக்க ராமநாதபுரத்தில் ஓர் அறக்கட்டளை முன்வந்தது. சமைக்கப் பண்டாரி ஒருவர் இருந்தார். கொண்டுபோய்க் கொடுக்க நாற்பது பேர் நான் நீ என்று வந்து நின்றார்கள். ஊரடங்கு முடிந்தது. கடை திறந்தது, விசா வந்தது, படகுகள் கடலுக்குப் போயின. நாற்பது பேர் ஆறு பேரானார்கள். வயசாளிகள் மட்டும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு எந்த ஊரடங்கும் முடியவில்லை.

அந்த ஆறு பேரில் ஒருத்தியாக இருந்த காலிதா, ஆள் பிடிக்கிறவளாக மாறியது அப்போதுதான். முதலில் அவள் வாட்ஸ்அப்பில் போட்டாள். அறுபது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள் மண்டபத்துக்கு வந்தது நாலு பேர். அதில் ஒருவர் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டு வந்தவர். கூட்டம் போட்டுப் பேசிப் பார்த்தாள். கைதட்டினார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பேர் சொல்லி, முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு நாளைக்கு மட்டும் கேட்டாள். கடைத்தெருவில், பேருந்தில், கல்யாண வீட்டில் ஆட்களை நோட்டம் விட்டாள். அடுத்தவர் மூட்டைக்குக் கை கொடுக்கிறவர் யார், பந்தியில் பக்கத்து இலைக்குத் தண்ணீர் வந்ததா என்று திரும்பிப் பார்க்கிறவர் யார் என்று அவள் கண் தேடியது.

மதுமதியை அவள் கண்டது அப்படித்தான். முதியோர் பென்ஷன் போடுகிற நாள். வங்கி வாசலில் வெயிலோடு கூட்டம் நின்றது. மெலிந்த, உயரமான ஒரு பெண் தரையில் குத்தவைத்துத் தொடைமேல் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, ஆள் மாற்றி ஆளுக்குச் சலான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் வேலை முடிந்து அரை மணி நேரமாகியும் எழுந்து போகவில்லை. காலிதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எந்த ஊரும்மா?"

"நொச்சிக்குடி அக்கா."

நொச்சிக்குடி மேற்கே நாலு கிலோமீட்டர், கருவேலங்காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவே இருக்கிற சிறிய ஊர். காலிதாவின் பட்டியலில் அங்கே மூன்று வீடுகள் இருந்தன. கொண்டுபோக நிலையான ஆள்தான் இல்லை.

"ஒரே ஒரு வியாழக்கெழம வாரியா?"

"எனக்கு நேரம் இல்லக்கா. தையல் இருக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ள இருக்கு. அது என்ன வியாழக்கெழம, அன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. ஆளு இல்ல."

மதுமதி சிரித்துவிட்டாள். வலப்பக்கம் ஒரு பல் தெற்றியிருந்தது. அந்தச் சிரிப்பைக் காலிதா வீட்டுக்கு வந்தபிறகும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை பழைய ஸ்கூட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு மதுமதி வந்தாள். காலிதா அவளைத் தனியாக அனுப்பவில்லை. தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டாள். புது ஆளை முதல் நாள் தனியே விடக்கூடாது என்பது அவள் வைத்திருந்த வழக்கம்.

மூன்றாவது வீடு ராக்கப்பனுடையது. எண்பது வயது. பனை ஏறிய காலம் போய்ப் பத்து வருஷமாக ஒரு காலை இழுத்து நடக்கிறார். மகன்கள் இருவரும் சென்னையில் இருந்தார்கள். எத்தனை பேர் போயும் அவர் சட்டியைத் தொட்டதில்லை.

"நேத்து வந்தவன் வேற, முந்தாநாள் வந்தவ வேற. இன்னைக்கு நீங்க ரெண்டு பேரு. ஊர்ல உள்ளவன் எல்லாம் வந்து நான் பிச்சச்சோறு திங்கிறதப் பாத்துட்டுப் போகணுமாக்கும்?" என்றார்.

காலிதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மதுமதி அசரவில்லை. சட்டியைத் திறந்து, சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் ஒரு கரண்டி எடுத்து அவர் உள்ளங்கை அருகே நீட்டினாள்.

"அய்யா, சோறு கெடக்கட்டும். இதுல உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பிரஷர்காரங்களுக்குன்னு கொறச்சுக் கொறச்சு அந்தப் பண்டாரிக்கு நாக்கே செத்துப் போச்சு."

கிழவர் முறைத்தார். பிறகு நக்கிப் பார்த்தார்.

"இது ஆணமா, கண்மாத் தண்ணியா?"

"நாளைக்கும் வந்து கேக்குறேன்" என்றாள் மதுமதி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. யாரும் அழைக்காமலே அவள் வந்தாள். ஐந்தாம் நாள் ராக்கப்பன் சட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். உப்புப் பற்றிய ஏச்சு மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

அந்த வாரமே மதுமதி ஒரு யோசனை சொன்னாள். அதுவரை அன்றன்று யார் வருகிறார்களோ அவர்களுக்கு எந்தத் தெரு கிடைக்கிறதோ அது என்றுதான் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு ஆளுக்கு மூணு வீடு. அதுக்கு மேல வேணாம். அதே மூணு வீட்டுக்கு அதே ஆளுதான் போகணும். முகம் மாறக்கூடாதுக்கா. அவுகளுக்குச் சோத்த விட அதுதான் பெருசு. நமக்கும் அப்படித்தான்; நம்மள ஒருத்தரு எதிர்பாத்துக்கிட்டு இருக்காருன்னா வராம இருக்க மனசு கேக்குமா?"

கேட்கவில்லைதான். மூன்று வீடு மட்டும், முக்கால் மணி நேரம் மட்டும் என்று சொன்னதும் வந்தவர்கள் நின்றார்கள். ஆட்டோ ஓட்டுகிற வேல்ராஜ் சவாரிக்கு நடுவே வந்தார். மொபைல் கடை பர்வேஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். பத்தொன்பது பேர் ஆனார்கள்.

இன்னொன்றும் மதுமதிதான் கண்டுபிடித்தாள். தான் சோறு கொடுத்த முதியவர் இறந்துபோனால் கொடுத்தவர் அத்தோடு நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. மூன்று நல்ல ஆட்களை அப்படி இழந்த பிறகும் காலிதாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. சலித்துவிட்டது போல என்று நினைத்தாள். "சலிப்பு இல்லக்கா, இது சாவுத் துட்டி" என்றாள் மதுமதி. "சொந்தக்காரங்களுக்கு அழ இடம் இருக்கு. சோத்துச்சட்டி கொண்டு போனவ எங்க போயி அழுவா?" அதற்குப் பிறகு, இறந்தவர் வீட்டுக்கு, சோறு கொடுத்தவரை இவர்களே கூட்டிப்போனார்கள். ஒரு மாதம் எந்த வீடும் தராமல் விட்டார்கள். பிறகு காய் வெட்ட மட்டும் வரச்சொன்னார்கள். காய் வெட்ட வந்தவர்கள் கொஞ்ச நாளில் தாமாகவே, "எனக்கு எந்தத் தெரு?" என்று கேட்டார்கள்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. மதுமதியைக் கட்டியவன் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன். அதை அவள் ஒரே ஒருமுறைதான் சொன்னாள், ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல். காலிதா ஒரு கையை அவள் தோளில் வைத்தாள். நொச்சிக்குடி வரும்வரை எடுக்கவில்லை. எப்போதோ ஒருநாள் "அக்கா" போய் "லாத்தா" வந்திருந்தது. மண்டபத்து முஸ்லிம் பெண்கள் மூத்தவளை அப்படி அழைப்பதைக் கேட்டு ஒட்டிக்கொண்ட சொல்தான். ஆனாலும் அவள் வாயில் வரும்போது காலிதாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது.

வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து, தேக்சாவின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி ஒரே மூடியில் போட்டுச் சாப்பிடுவார்கள். கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து அடுப்புச் சாம்பலைக் கிளப்பும். மதுமதி அன்றைக்குப் போன வீடுகளின் கதையைச் சொல்வாள். யாருக்கு மகன் போன் போட்டான், யார் பல்செட்டைத் தொலைத்துவிட்டுக் கோழியைச் சந்தேகப்படுகிறார், இப்படி. சிரித்துச் சிரித்துக் காலிதாவுக்குப் புரை ஏறும். ஹமீது பயணம் போன இத்தனை வருஷத்தில் அவள் தன் வீட்டில் அப்படிச் சாப்பிட்டதே இல்லை.

போன வருஷம் மதுமதியின் மகளுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் இடம் கிடைத்தது. அதே கல்லூரி விடுதியில் உதவி வார்டன் வேலை காலி என்று அங்கே விசாரித்தபோது சொன்னார்கள். தங்க இடம், சாப்பாடு, மகள் கண் முன்னாலேயே. யாராக இருந்தாலும் போகத்தான் செய்வார்கள்.

"மூணு வருஷந்தான் லாத்தா. அவ படிப்பு முடிஞ்சதும் இங்கனதான் வந்துருவேன்."

"போயிட்டு வா. இதுக்குப் போயி யோசிக்கலாமா?" என்றாள் காலிதா. சத்தமாகவே சொன்னாள். ஊரில் யாரைப் பார்த்தாலும் வா வா என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு, இரு என்று கேட்க உரிமை இல்லை என்று தெரிந்திருந்தது.

முதல் மாதம் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு. விடுதியில் இருநூறு பிள்ளைகள். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வீட்டு நினைப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது "மேம்" என்று கூப்பிடுவார்கள்; "அப்புறம் பேசுறேன் லாத்தா" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் நாலு நாள் கழித்து வரும். மதியம் மண்டபத்துக்கு வெளியே எந்த ஸ்கூட்டி நின்றாலும் காலிதாவின் தலை தானாகத் திரும்பியது. அடிச்சோற்றைச் சுரண்டி எடுத்து, தின்னாமல் கோழிக்குப் போட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹமீது வீடியோவில் வந்தார். அவள் கண் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன காலிதா, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லங்க. மதுமதி ஞாபகம்."

அவர் பாதிச் சிரிப்போடு, "நான் பயணம் போறப்ப எல்லாம் நீ இப்படி அழுது பாத்ததே இல்லையே" என்றார்.

"நீங்க போவீகன்னு தெரிஞ்சுதானே கட்டி வச்சாக. இது நானா தேடிப் பிடிச்ச ஆளு." சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கடுமையான சொல் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கோபப்படவில்லை. "நமக்கும் வயசு ஆகுது. நான் முடிச்சுட்டு வந்துரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டாச்சா என்று கேட்டு அவள் பேச்சை மாற்றினாள்.

இதில் காலிதா ஒரு தப்புச் செய்தாள். அதை அவளே பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள். மதுமதியின் மூன்று வீடுகளுக்கு அவள் யாரையும் போடவில்லை. போட்டால் அந்த இடம் போய்விடும் என்று ஒரு பயம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வேல்ராஜின் ஆட்டோவில் போவாள். அவருக்குச் சவாரி வந்துவிட்டால் நாலு கிலோமீட்டரை நடந்தே போவாள். புதிதாக வந்தவர்கள் என்ன செய்தாலும் அவள் கண்ணுக்குக் குறையாகவே பட்டது. ஒருத்தி சட்டியைச் சரியாகக் கழுவவில்லை. ஒருவன் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டான். "மதுமதி இப்படிச் செய்ய மாட்டா" என்பது அவள் வாயில் தஸ்பீஹ் மணி உருட்டுவது மாதிரி ஓடியது. பத்தொன்பது பேர் பதினாலு பேராக வற்றினார்கள்.

யுவராணி என்று ஒரு பெண் வந்தாள். வயது முப்பதுக்குள். காலையில் ஏலக்கூடத்தில் மீன் தரம் பிரிக்கிற வேலை, மதியம் சும்மா. வேல்ராஜ்தான் அழைத்து வந்தார். வாய் ஓயாது அவளுக்கு. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய மூன்று வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆக்குவாள். ஒரு வீட்டில் சீரியல் பார்ப்பாள், இன்னொரு வீட்டில் பேன் எடுப்பாள். காலிதா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நீ சோறு கொண்டு போறியா, கதை பேசப் போறியா? மதுமதி இருந்தப்ப..."

யுவராணி தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அந்த அக்காவ நான் பாத்ததுகூட இல்ல லாத்தா. அவுக மாதிரி நான் இல்லன்னா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? உங்களுக்கு ஆளு வேணுமா, அவுக வேணுமா?"

போய்விட்டாள். காலிதா அவளை அழைக்கவில்லை. அன்று மாலை அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யுவராணி கேட்டதற்கு உண்மையான பதில் அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு முப்பத்தோரு பேருக்குச் சோறு போட முடியாது என்பதும் தெரியும்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்தது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற சீமையில் மழை வந்தால் எல்லாம் ஒரேயடியாக வந்துவிடும். மூன்று நாள் விடாமல் கொட்டி, கண்மாய் நிறைந்து, நொச்சிக்குடி போகிற தரைப்பாலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. அதே நேரம் பார்த்துக் காலிதாவுக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முயன்றாள். முடியாமல் கட்டிலிலேயே விழுந்தாள். மகளுக்குப் போன் போட்டாள், மண்டபத்துக்குப் போட்டாள், சிக்னல் இல்லை. கூரையில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் அந்த மூன்று வீடுகளையும் நினைத்தாள். மற்றத் தெருக்களுக்கு ஆள் இருக்கிறது. அந்த மூன்றுக்கு மட்டும் இல்லை. இல்லாமல் போனதற்குத் தான்தான் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "யா அல்லாஹ், என் வீம்புக்கு அவுகளப் பட்டினி போட்றாத" என்று துஆ கேட்டாள்.

நாலாம் நாள் மழை விட்டது. காய்ச்சல் இறங்காமலே வேல்ராஜின் ஆட்டோவில் ஏறினாள். மண்டபத்துக்குக்கூடப் போகவில்லை, நேரே நொச்சிக்குடி. தரைப்பாலத்தில் அவளை இறக்கி, கையைப் பிடித்து வேல்ராஜ் தண்ணீரைக் கடக்க வைத்தார். ராக்கப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்க ஈரத் தீப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, மூணு நாளா என்ன செஞ்சீக? எதாச்சும் சாப்பிட்டீகளா?"

"சாப்பிடாம என்ன? அந்த வாயாடி வந்தாளே."

"யாரு?"

"அவதான்த்தா, மீன் வாட அடிப்பாளே. பாலத்துல தண்ணி போகுதுன்னு கண்மாக் கரையச் சுத்தி நடந்து வந்தா, சட்டியப் பிளாஸ்டிக் பையில கட்டிக்கிட்டு. கொட்டக் கொட்ட நனஞ்சு வந்து, இங்கன உக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டுல்ல போனா. நல்ல பொம்பள. உப்புக்கு என்னயத் திட்டுறா, உப்பு போடாதன்னு பண்டாரிக்கிட்ட சொல்லிப்புட்டாளாம்."

மற்ற இரண்டு வீட்டிலும் அதே கதைதான். பண்டாரி மூன்று சட்டி மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், ஏலக்கூடத்துக்கு ஆளனுப்பி யுவராணியிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு வார்த்தை மறு வார்த்தை பேசாமல் வந்து எடுத்துப் போயிருக்கிறாள்.

திரும்பும்போது காலிதா ஆட்டோவை ஏலக்கூடத்துப் பக்கம் விடச் சொன்னாள். ஐஸ் தண்ணீர் ஓடுகிற சிமெண்டுத் தரையில் யுவராணி குந்தி, நண்டை ஒருபக்கமும் கணவாயை ஒருபக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காலிதா பக்கத்தில் போய், சேலை நனைவதைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நான் உன்னைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

யுவராணி நிமிர்ந்து பார்த்தாள். "காய்ச்சலோட இங்கன ஏன் வந்தீக? குளிர் ஏறிக்கும், எந்திரிங்க."

"அந்த மூணு வீடும் இனிமே உன்னோடது. நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு."

"அந்த அக்கா வந்தா?"

காலிதா தரையைப் பார்த்தாள். அங்கே கிடந்த ஒரு கணவாய் யுவராணியின் கையெல்லாம் கறுப்பு மையைக் கக்கியிருந்தது. "வந்தா வேற வீடு பாத்துக்கிடலாம்" என்றாள். அந்தச் சொல்லை வாயிலிருந்து வெளியே தள்ள அவளுக்கு அத்தனை பாடாக இருந்தது. யுவராணி அதைப் புரிந்துகொண்டவள் போல, தன் ஈரக்கையால் அவள் மணிக்கட்டை ஒருமுறை பிடித்து விட்டாள்.

நின்றுபோனவர்கள் வீட்டுக்கெல்லாம் காலிதா ஒவ்வொன்றாகப் போனாள். புது ஆளைக் கேட்பதைவிடப் போன ஆளைத் திரும்பக் கேட்பது கஷ்டம். நான்கு பேர் வந்தார்கள், ஒருவர் வரவில்லை.

பொங்கல் லீவில் மதுமதி வந்தாள். ஒரே ஒரு நாள் தங்கல். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கழுத்தில் விடுதி அடையாள அட்டையின் கயிறு கழற்ற மறந்து தொங்கியது. காலிதா விடியற்காலையே எழுந்து ஓட்டுமாவுப் பலகாரம் செய்து வைத்திருந்தாள். மண்டபத்தில் எல்லாரும் மதுமதியைச் சூழ்ந்துகொண்டார்கள். நொச்சிக்குடிக்கு அவள் யுவராணி ஓட்டிவந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். காலிதா வேல்ராஜின் ஆட்டோவில் பின்தொடர்ந்தாள். ராக்கப்பன், "ஏத்தா, பிள்ள எப்படிப் படிக்குது?" என்று மதுமதியிடம் கேட்டார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள், "நேத்து நீ சொன்ன அந்தச் சங்கதி என்னாச்சு?" என்று யுவராணி பக்கம் திரும்பிவிட்டார். மதுமதி கொஞ்சம் தள்ளி நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை என்பதைக் காலிதா ஒருத்திதான் கவனித்தாள்.

மதியம் இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். வலை காயப்போட்டிருந்தது. கடல் அன்று அசையாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது.

"லாத்தா, ஒண்ணு சொல்லணும். என்னைய நிரந்தரமாக்குறேன்னு சொல்றாக. பிள்ளைக்கும் அங்கனயே ஆஸ்பத்திரியில வேல கெடைக்கும் போல. நான்..."

"திரும்ப வரமாட்ட."

"வருவேன்னு சொன்னேன்ல. அப்ப நெசமாத்தான் சொன்னேன்."

காலிதா காயப்போட்ட வலையைத் தாண்டி நடந்தாள். பிறகு நின்றாள். "போன வருஷம் உன்னையப் போகாதன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நீ போயிருக்க மாட்ட; அதான் கேக்கல. ஆனா மது, நீ போனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. அத உன்கிட்ட சொல்லாமயே விட்டுட்டேன். இப்ப சொல்றேன்."

மதுமதியின் கண் நிறைந்தது. "அங்கன இருநூறு பிள்ளைக. ஒருத்திக்கும் எம் பேரு தெரியாது லாத்தா. மேம், மேம். ராத்திரி கதவ எல்லாம் பூட்டிட்டு வந்து படுத்தா, நீங்க தோள்ல கை வச்சீகல்ல, அந்த நாள நெனச்சுக்கிடுவேன்."

பேசியதால் வேறு எதுவும் மாறிவிடவில்லை. மாலை உச்சிப்புளியில் அவளுக்குப் பேருந்து. யுவராணிதான் கொண்டுபோய் விட்டாள். காலிதா வழியனுப்பப் போகவில்லை. போனால் ஏறவிட மாட்டோம் என்று அவளுக்குப் பயம்.

இப்போது காலிதாவிடம் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். ஹமீது வருகிற ஆவணியில் கணக்கு முடித்து ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் எந்தத் தெருவுக்கு அவரை அனுப்பலாம் என்று அவள் பர்வேஸிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறாள். யுவராணியின் பேச்சுக்குச் சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் யாராவது புதிதாக வந்து, "மதுமதி இடத்துக்குத்தானே நான்?" என்று கேட்டால் உடனே தலையை ஆட்டி மறுக்கிறாள். "உனக்குன்னு மூணு வீடு வச்சிருக்கேன், அதுக்குப் போ" என்கிறாள். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் சமையல்கட்டு ஜன்னலருகே தனியாக நிற்கிறாள். பண்டாரி அந்த நேரத்தில் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.